காவலூருக்குக் கண்ணாடி தந்த யேனா

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலைமேல் ஆலங்காயத்தை அடுத்துள்ள காவலூர் வானாய்வகத்தில் ஜெர்மனியோடு உறவு கொண்ட தொலைநோக்கிகள் இரண்டு உள்ளன. 1972-ல் நிறுவப்பட்ட 1 மீட்டர் தொலைநோக்கி, கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் ஜெய்ஸ் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. 1986-ல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடிக்கான வட்டு, மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்த ஷாட் நிறுவனத்திலிருந்து வந்தது. அன்று ஜெர்மனி இரண்டாகக் கிடந்தது. இரண்டு ஆலைகளும் முள்வேலிக்கு அப்பாலும் இப்பாலும் இருந்தன. ஆனால் 1945 வரை அவை ஒரே ஊரில், ஒரே அறக்கட்டளையின் கீழ் இயங்கிய பங்காளிகள். உடைந்துபோன அந்தக் குடும்பத்தின் இரு கிளைகளும் செய்தவை ஒரே வளாகத்தில் நிற்கும் இடங்களில் ஒன்று தமிழ்நாட்டு மலை ஒன்றின் மேல் இருக்கிறது.

இந்தக் கண்ணாடித் தொழிலுக்கு முன்னோடி பீங்கான். 17-ஆம் நூற்றாண்டு முடியும்வரை சீனத்துப் பீங்கானைப் போல ஒரு கிண்ணத்தைச் செய்ய ஐரோப்பாவில் ஒருவருக்கும் தெரியாது. கிழக்கிலிருந்து கப்பலில் வரும் அந்த வெள்ளைப் பாத்திரங்களுக்காக அரசர்கள் கஜானாவைக் காலி செய்தார்கள். அதில் முதலிடம் சாக்சனியை ஆண்ட அகஸ்டஸுக்கு. அவருடைய நாட்டில் ச்சிர்ன்ஹவுஸ் என்றொரு கணித அறிஞர் இருந்தார். பெரிய வில்லைகளையும் செப்புத் தகட்டாலான குழியாடிகளையும் செய்து, வெயிலை ஒரு புள்ளியில் குவித்து, சாதாரண அடுப்பில் உருகாத மண்ணையும் கல்லையும் உருக்கிப் பார்ப்பது அவர் வேலை. தங்கம் செய்து தருவதாகப் பேர்வாங்கி, அதனாலேயே அரசரின் காவலில் மாட்டிக்கொண்ட பொட்கர் என்ற இளைஞர் அவருடன் சேர்க்கப்பட்டார். தங்கம் வரவில்லை, பீங்கான் வந்தது. ச்சிர்ன்ஹவுஸ் 1708-ல் இறந்துபோனார். 1710-ல் மைசன் கோட்டைக்குள் ஐரோப்பாவின் முதல் பீங்கான் ஆலை தொடங்கியபோது பேரும் புகழும் பொட்கருக்குப் போயின. எரிக்கும் ஆடியும் வெள்ளைப் பீங்கானும் ஒரே மனிதரின் பட்டறையில் ஒன்றாகக் கிடந்தன என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் உள்ள உறவு அதோடு நிற்கவில்லை. சுட்ட பீங்கானை உள்ளே பார்த்தால் அது நுண்ணிய படிகங்களைக் கண்ணாடி இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு கலவை. அப்படியானால் கண்ணாடியையே பீங்கானாக மாற்ற முடியாதா என்று பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் கேட்டார். 1739-ல் கண்ணாடிப் புட்டிகளை மணலிலும் ஜிப்சத்திலும் புதைத்துப் பல நாள் சூட்டில் வைத்தார். ஒளி ஊடுருவும் புட்டி, பால் வெள்ளையாக, உள்ளே படிகம் கட்டியதாக வெளியே வந்தது. ஆனால் படிகம் எவ்வளவு வளர வேண்டும் என்பது அவர் கட்டுப்பாட்டில் இல்லை. பாத்திரம் பலவீனமாக இருந்ததால் முயற்சி கைவிடப்பட்டது. 200 ஆண்டுகளுக்கும் மேலான பிறகு இந்தப் பழைய யோசனைதான் காவலூரின் பெரிய ஆடியாக வரவிருந்தது.

யேனா, துரிங்கியா பகுதியில் சாலே ஆற்றங்கரையில் உள்ள பல்கலைக்கழக ஊர். அங்கே 1846 நவம்பரில் கார்ல் ஜெய்ஸ் என்ற 30 வயது இயந்திரக் கைவினைஞர் ஒரு சிறு பட்டறை போட்டார். பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களுக்குத் தராசு, வில்லை, எளிய மைக்ராஸ்கோப் செய்து தருவதும் பழுது பார்ப்பதும் தொழில். தாவரவியலாளர் ஷ்லைடன் அவரை மைக்ராஸ்கோப் பக்கம் தள்ளிவிட்டார். ஜெய்ஸ் கடுமையான முதலாளி. தமக்குத் திருப்தி தராத கருவிகளைப் பட்டடையில் வைத்துச் சுத்தியலால் நொறுக்கிவிடுவார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அவர் தொழிலிலிருந்த பெரிய சங்கடம், நல்ல வில்லை அமைவது கைராசியைப் பொறுத்திருந்தது என்பதே. கைவினைஞர் பல வில்லைகளைத் தேய்த்து, மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்து, சரியாக வரும் சேர்க்கையை வைத்துக்கொள்வார். ஏன் சரியாக வந்தது என்று யாருக்கும் தெரியாது.

இதற்குக் கணக்கு வேண்டும் என்று ஜெய்ஸ் 1866-ல் தேடிப் பிடித்தவர் எர்ன்ஸ்ட் அபே. யேனா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த 26 வயது இளைஞர். ஐசனாக் ஊரில் நூற்பாலைத் தொழிலாளியின் மகன். அப்பாவுக்கு நாளுக்கு 16 மணி நேரம்கூட வேலை இருக்கும். மகன் கொண்டுபோகும் மதியச் சாப்பாட்டை இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அபே இதைக் கடைசிவரை மறக்கவில்லை. அவர் போட்ட கணக்கு பல ஆண்டுகள் பிடித்தது. 1873-ல் அவர் வெளியிட்ட கோட்பாடு மைக்ராஸ்கோப்பின் எல்லையைச் சொன்னது: எவ்வளவு நேர்த்தியாக வில்லையைத் தேய்த்தாலும், ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதிக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளை அது தனித்தனியாகக் காட்டாது. இனி வில்லைகளைக் கணக்குப் போட்டுச் செய்யலாம். ஆனால் கணக்கு கேட்ட கண்ணாடி சந்தையில் இல்லை.

அன்றைக்கு ஒளியியல் கண்ணாடி செய்வது பாதி சூதாட்டம். தீக்களிமண்ணால் செய்த பெரிய மூசையில் மணலும் உப்புகளும் பொட்டாஷும் ஈயமும் சேர்த்து உருக்குவார்கள். உருகிய குழம்பில் கோடுகளும் குமிழிகளும் வராமல் இருக்க, சுட்ட மண் கோலால் மணிக்கணக்கில் கிளற வேண்டும். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கினான் என்ற சுவிஸ் கைவினைஞர் கண்ட வித்தை அது. பிறகு அடுப்பை மூடி, நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் மெல்லக் குளிரவிடுவார்கள். குளிரும்போது உள்ளே விரிசல் விழுந்து கண்ணாடி கட்டி கட்டியாகப் பிரியும். கடைசியில் மூசையை உடைத்து, கட்டிகளைச் சுத்தியலால் தட்டித் தட்டி, தெளிவாக இருப்பதை மட்டும் பொறுக்குவார்கள். பெரும்பகுதி குப்பைக்குப் போகும். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது இரண்டே குடும்பம்: குறைவாக நிறம் பிரிக்கும் கிரவுன், அதிகமாகப் பிரிக்கும் ஃபிளின்ட். இரண்டையும் சேர்த்தால் வில்லையின் ஓரத்தில் தெரியும் நிறப் பிசிறு குறையும், முழுதாகப் போகாது. வேறு வகைக் கண்ணாடி இருந்தால்தான் போகும்.

1879-ல் அபேவுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஓட்டோ ஷாட், விட்டன் ஊரில் ஜன்னல் கண்ணாடி செய்தவரின் மகன், வேதியியலில் பட்டம் பெற்றவர். லித்தியம் சேர்த்து ஒரு கண்ணாடி உருக்கியிருப்பதாகவும், அதன் ஒளிப்பண்பைச் சோதித்துச் சொல்ல முடியுமா என்றும் கேட்டிருந்தார். அந்த லித்தியக் கண்ணாடி ஒளியியலுக்கு உதவவில்லை. ஆனால் ஆளைக் கண்டதும் அபே விடவில்லை. ஷாட் சிறு சிறு மூசைகளில் தனிமங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து உருக்குவார்; மாதிரியை அபேவுக்கு அனுப்புவார்; அபே அளந்து எழுதுவார். மண்ணில் விதை போட்டு முளை பார்ப்பதுபோல இப்படியே ஆண்டுகள் போயின. ஷாட் 1882-ல் யேனாவுக்குக் குடிவந்தார். 1884-ல் ஷாட், அபே, கார்ல் ஜெய்ஸ், ஜெய்ஸின் மகன் ரோடரிக் நால்வரும் சேர்ந்து கண்ணாடி ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார்கள். பிரஷ்ய அரசு மானியம் தந்தது. போரிக் அமிலம், பாஸ்பாரிக் அமிலம், பேரியம் எனக் கண்ணாடிக்காரர்கள் அதுவரை சீந்தாத பொருள்களெல்லாம் உலையில் ஏறின. 1886-ல் வெளிவந்த முதல் விலைப்பட்டியலில் 44 வகை ஒளியியல் கண்ணாடிகள் இருந்தன.

அதே 1886-ல் ஜெய்ஸ் பட்டறை தன் 10,000-ஆவது மைக்ராஸ்கோப்பைச் செய்து முடித்தது. நிறப் பிசிறு ஏறக்குறைய முழுதும் நீங்கிய வில்லைகளும் அந்த ஆண்டே வந்தன. காசநோய்க் கிருமியை 1882-ல் கண்டறிந்த ராபர்ட் காக் ஜெய்ஸ் கருவிகளையே பயன்படுத்தினார்; காலராக் கிருமியைத் தேடி அவர் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்து ஆய்வு செய்ததும் இந்தக் காலத்தில்தான். ஆனால் ஷாட் ஆலைக்குப் பணத்தைக் கொட்டியது விஞ்ஞானம் அல்ல, விளக்கு. சூட்டைத் தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியைக் கொண்டு காஸ் விளக்குகளுக்கான சிம்னிகளைச் செய்து லட்சக்கணக்கில் விற்றார்கள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இன்றும் தீயில் நேராக வைக்கும் பீக்கரும் சோதனைக் குழாயும் அந்தக் கண்ணாடியின் வழிவந்தவை.

கார்ல் ஜெய்ஸ் 1888-ல் காலமானார். அபே விரும்பியிருந்தால் பெரும் செல்வந்தராக இருந்திருக்கலாம். அவரோ 1889-ல் கார்ல் ஜெய்ஸ் அறக்கட்டளையை நிறுவி, சில ஆண்டுகளுக்குள் ஜெய்ஸ் ஆலையில் தமக்கிருந்த உரிமையையும் கண்ணாடி ஆலையில் தம் பங்கையும் அதற்கே எழுதிவைத்தார். 1896-ல் அவர் எழுதிய சாசனம் அன்றைய ஐரோப்பாவில் அரிது. சம்பளத்துடன் விடுமுறை, ஓய்வூதியம், லாபத்தில் பங்கு ஆகியவை தொழிலாளியின் உரிமையாயின. மேலதிகாரி ஒருவரின் சம்பளம் சராசரித் தொழிலாளியின் சம்பளத்தைப்போல 10 மடங்குக்கு மேல் போகக் கூடாது. 1900-ல் யேனா ஆலைக்கு 8 மணி நேர வேலைநாள் வந்தது. நின்றபடி சாப்பிட்ட நூற்பாலைத் தொழிலாளியை நினைத்தால் இந்தச் சாசனத்தில் வியப்பொன்றுமில்லை. ஷாட் தம் பங்கை 1919-ல் அறக்கட்டளைக்குக் கொடுத்தார். அன்று முதல் கண்ணாடி உருக்கும் ஆலையும் அதைத் தேய்த்துக் கருவியாக்கும் ஆலையும் ஒரே கூரையின் கீழ்.

வானியல் கருவிகளுக்கென்று ஜெய்ஸில் தனிப் பிரிவு 1897-ல் வந்தது. 1923-ல் வால்டர் பௌவர்ஸ்ஃபெல்ட் என்ற பொறியாளர் யேனா ஆலையின் மொட்டைமாடியில் ஒரு குவிமாடம் கட்டி, அதன் உட்புறத்தில் நட்சத்திரங்களை ஒளியால் வீழ்த்திக் காட்டினார். கோளரங்கம் பிறந்தது அப்படி. 1963-ல் கல்கத்தாவில் திறக்கப்பட்ட பிர்லா கோளரங்கத்தின் கருவியும் யேனாவில் செய்ததே.

இரண்டாம் உலகப் போரில் ஆலை ராணுவத்துக்கு வேலை செய்தது. குறிபார்க்கும் கருவிகள், பைனாகுலர்கள், தூரமானிகள். பிடித்துக்கொண்டுவரப்பட்ட அந்நியநாட்டுக் கட்டாயத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே உழைத்தார்கள். அபேயின் சாசனம் அவர்களுக்குப் பொருந்தவில்லை. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை யேனாவைப் பிடித்தது. ஆனால் முன்பே பேசிய எல்லைக் கோட்டின்படி ஊர் சோவியத் பக்கம் போக வேண்டும். போவதற்குள் அமெரிக்கர்கள், ஜெய்ஸிலிருந்து 84 பேரையும் ஷாட்டிலிருந்து 41 பேரையும் லாரிகளில் ஏற்றி மேற்கே கொண்டுபோனார்கள். இயந்திரத்தை விட மூளை முக்கியம் என்று அவர்கள் கணக்குப் போட்டது புரிகிறது. ஜூலையில் சோவியத் படை வந்தது. 1946 அக்டோபரில் நூற்றுக்கணக்கான நிபுணர்கள் ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்டார்கள். மிஞ்சிய இயந்திரங்களில் பெரும்பகுதி போர் இழப்பீடாகக் கழற்றி ரயிலேற்றப்பட்டது.

அப்புறம் இரண்டு ஜெய்ஸ். மேற்கே போனவர்கள் ஓபர்கோகன் என்ற சிற்றூரில் புது ஆலை வைத்தார்கள். யேனாவில் தங்கியவர்கள் வெறும் சுவர்களுக்குள் மறுபடி தொடங்கினார்கள். 1948-ல் அது அரசுடைமையாயிற்று. கார்ல் ஜெய்ஸ் என்ற பெயர் யாருக்கு என்று பல நாட்டு நீதிமன்றங்களில் வழக்கு நடந்தது. 1971-ல் லண்டனில் உடன்பாடு எழுதி, எந்த நாட்டில் யார் எந்தப் பெயரில் விற்பது என்று பிரித்துக்கொண்டார்கள். சொத்துத் தகராறில் பாகம் பிரித்த அண்ணன் தம்பிகள் வாசற்படியையும் கிணற்றையும் பங்கு போடுவதில் காட்டும் நுணுக்கம் அதில் இருந்தது. கண்ணாடிப் பக்கமும் இப்படியே. லாரியில் போன 41 பேரை வைத்து, ஓட்டோ ஷாட்டின் மகன் எரிக் ஷாட் 1952-ல் ரைன் நதிக்கரையில் மைன்ஸ் நகரில் புதிய ஆலையைத் திறந்தார்.

கிழக்கில் யேனா சும்மா இருக்கவில்லை. ஊருக்குப் பக்கத்தில் டௌடன்பர்க் காட்டில் 2 மீட்டர் ஆடி கொண்ட ஒரு தொலைநோக்கியை 1960-ல் நிறுவியது. அதை வடிவமைத்த ஆல்ஃபிரட் யென்ஷின் குழு, அடுத்து 1 மீட்டர் தொலைநோக்கிகளை வெளிநாடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. இந்தியாவுக்கு அவற்றில் இரண்டு வந்தன. இரண்டும் 1972-ல் இயங்கத் தொடங்கின: ஒன்று இமயமலை அடிவாரத்து நைனிடாலில், மற்றது காவலூரில். அன்று இந்தியாவுக்கு டாலர் பஞ்சம். கிழக்கு ஐரோப்பிய நாடுகளுடன் ரூபாயிலேயே வாணிபம் செய்யும் ஏற்பாடு இருந்தது. கிழக்கு ஜெர்மனியை இந்தியா தூதரக அளவில் அங்கீகரித்ததும் 1972-ல்தான்.

காவலூரைக் கண்டுபிடித்தவர் வைணு பாப்பு. 1927-ல் சென்னையில் பிறந்தவர், ஹார்வர்டில் படிக்கும்போதே ஒரு வால்மீனைக் கண்டவர், 1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானவர். கொடைக்கானல் சூரியனைப் பார்க்க நல்ல இடம். இரவுகளில் மேகமும் மூடுபனியும். தெற்கு வானத்தைப் பார்க்க வசதியான, ஊர் வெளிச்சம் எட்டாத இன்னோர் இடம் அவருக்கு வேண்டியிருந்தது. ஜவ்வாது மலையில் சந்தன மரங்களுக்கு நடுவே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் அது கிடைத்தது. மலையாளிப் பழங்குடியினர் சாமையும் வரகும் விளைவிக்கும் மலை. 12 பாகை வட அட்சத்தில் இருப்பதால் வட வானமும் தெரியும், தென் வானத்தில் பெரும்பகுதியும் தெரியும். ஆஸ்திரேலியாவுக்கும் தென் ஆப்பிரிக்காவுக்கும் நடுவிலுள்ள நீண்ட இடைவெளியில் இப்படி ஓர் இடம் இருப்பது, சில நிமிடங்களே நிகழும் வான நிகழ்ச்சிகளைப் பிடிக்க மிக உதவும். குறை என்றால் மழை: தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் தொடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நல்ல இரவுகள். கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கியை வைத்து 1960-களின் கடைசியில் பார்வை தொடங்கியது.

யேனாவின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்த ஆண்டே பேர் வாங்கிவிட்டது. 1972 ஜூன் 7-ல் வியாழனின் துணைக்கோள் கானிமீட் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே போனது. துணைக்கோளுக்குக் காற்று மண்டலம் இல்லையென்றால் நட்சத்திர ஒளி சட்டென்று அணைய வேண்டும். காவலூரிலும் ஜாவாத் தீவின் லெம்பாங்கிலும் எடுத்த பதிவுகளில் ஒளி படிப்படியாகக் குறைந்தது தெரிந்தது. கானிமீடைச் சுற்றி மெல்லிய காற்று இருக்கிறது என்ற முடிவு வந்தது. பின்னால் போன விண்கலங்கள், அந்தக் காற்று அன்று மதிப்பிட்டதைவிட மிக மிக மெலிதானது என்று திருத்தின.

அதைவிடப் பெரிய இரவு 1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு மங்கலான நட்சத்திரத்தை மறைக்கவிருந்தது. ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் யேனா தொலைநோக்கியில் ஒளியளவி பொருத்தி நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்தார்கள். கோள் இன்னும் எட்டத்தில் இருக்கும்போதே நட்சத்திர ஒளி சில விநாடிகள் குறைந்து மறுபடி ஏறியது. மேகமா, கருவிக் கோளாறா என்று சந்தேகப்பட வேண்டிய இடம். யுரேனஸைச் சுற்றும் புதிய துணைக்கோள் ஒன்று குறுக்கே வந்திருக்கலாம் என்றே முதலில் அவர்கள் எழுதினார்கள். ஆனால் அதே இரவில், ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து கிளம்பி இந்தியப் பெருங்கடல்மேல் பறந்த அமெரிக்க ஆய்வு விமானத்தில் எலியட் குழுவினரும் இதையே பார்த்திருந்தார்கள். கோளுக்கு முன்பும் பின்பும் மங்கல்கள் வரிசையாக, கோளிலிருந்து இரு பக்கமும் சமமான தூரத்தில் பதிவாகியிருந்தன. துணைக்கோள் என்றால் இரு பக்கமும் அப்படி வராது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு. சனிக்கு மட்டுமே வளையம் என்று மூன்று நூற்றாண்டாகப் பாடப்புத்தகத்தில் இருந்ததை மாற்ற வேண்டியதாயிற்று.

பாப்புவுக்கு இது போதவில்லை. இதைவிடப் பெரிய தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. வடிவமைப்பும் இரும்பு வேலையும் இந்திய நிறுவனங்களில் நடந்தன. ஆடியைத் தேய்த்து மெருகேற்றும் வேலை பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனத்தில். வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது கண்ணாடி வட்டு. அதை ஷாட் தந்தது. அதன் பெயர் ஸெரோடூர்.

பெரிய ஆடிக்கு எமன் வெப்பநிலை. சாதாரணக் கண்ணாடியில் 2.34 மீட்டர் வட்டு செய்தால், 10 டிகிரி சூடு மாறும்போது அது 0.2 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும் அல்லது சுருங்கும். எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் மாறினால் பரவாயில்லை; வெளிப்புறம் குளிர்ந்து உள்ளே சூடு நின்றால் வளைவு கெட்டுவிடும். ஆடியின் பரப்போ ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பங்கு அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். போரோசிலிகேட் இந்த நீட்சியை மூன்றில் ஒரு பங்காக்கும். ஸெரோடூரில் அது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குள் அடங்கிவிடும்.

ரெயோமூர் தவறவிட்ட கட்டுப்பாடு இதில்தான் கைக்கு வந்தது. 1950-களில் அமெரிக்காவின் கார்னிங் ஆலையில், ஸ்டூக்கி என்பவர் வைத்த உலை தவறுதலாகச் சூடேறிவிட, உள்ளே இருந்த கண்ணாடித் தகடு வெள்ளையாக மாறியது. கை தவறித் தரையில் விழுந்தும் அது உடையவில்லை. அங்கிருந்து கண்ணாடிப்பீங்கான் என்ற புதுப் பொருள் வளர்ந்தது. மைன்ஸில் 1968-ல் உருவான ஸெரோடூர், லித்தியமும் அலுமினியமும் சிலிகாவும் சேர்ந்த கண்ணாடி. முதலில் தெளிந்த கண்ணாடியாக வார்த்து மெல்லக் குளிர்விப்பார்கள். பிறகு மறுபடி சூடேற்றி, கணக்கான வெப்பத்தில் நீண்ட காலம் வைப்பார்கள். உள்ளே கண்ணுக்குத் தெரியாத படிகங்கள் கோடிக்கணக்கில் முளைத்து, எடையில் ஏறத்தாழ முக்கால் பங்காகும். சூடேறினால் அந்தப் படிகங்கள் சுருங்கும். அவற்றுக்கிடையே மிஞ்சிய கண்ணாடி விரியும். ஒன்று இழுக்க, ஒன்று தள்ள, மொத்த வட்டு அசையாமல் இருக்கும். 1879-ல் அபேவுக்குப் பயன்படாத லித்தியம் இங்கே வேலைக்கு வந்தது. வீட்டில் மின்அடுப்புகளின் மேல் இருக்கும் கறுப்புப் பலகைகள் பலவும் இதே இனம்.

பாப்பு 1982-ல் காலமானார். தொலைநோக்கி 1986 ஜனவரி 6-ல் ராஜீவ் காந்தியால் திறந்துவைக்கப்பட்டது. தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் பாப்புவின் பெயரே வைக்கப்பட்டது. அதே மாதம் வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸின் வளையங்களை அருகிலிருந்து படமெடுத்தது. அப்போது ஜெர்மனியில் பெர்லின் சுவர் நின்றுகொண்டிருந்தது.

சுவர் விழுந்தபோது யேனாவின் ஜெய்ஸ் கூட்டு நிறுவனத்தில் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். சந்தை திறந்ததும் பெரும்பாலோர் வேலை இழந்தார்கள். ஜெர்மனி ஒன்றுசேர்ந்தது என்று எழுதுவது எளிது. அந்த ஊரின் வீடுகளில் அது வேலையில்லாத் திண்டாட்டமாகவும் வந்தது. 1991-ல் ஆலையைப் பிரித்து, வில்லையும் மைக்ராஸ்கோப்பும் சார்ந்த பகுதி ஓபர்கோகன் ஜெய்ஸுடன் சேர்ந்தது. மீதி யேனாப்டிக் என்ற தனி நிறுவனமாயிற்று. யேனாவின் கண்ணாடி ஆலை மைன்ஸ் ஷாட்டுடன் இணைந்தது. ஜெய்ஸ், ஷாட் இரண்டுக்கும் உரிமையாளர் இன்றும் அபேயின் அறக்கட்டளை. கைப்பேசிச் சில்லுகளில் நுண்ணிய கோடுகளை அச்சடிக்கும் நெதர்லாந்து இயந்திரங்களுக்கு ஆடி செய்வது இப்போது ஜெய்ஸின் பெரிய தொழில்களில் ஒன்று. சிலியில் எழும் 39 மீட்டர் ஐரோப்பியத் தொலைநோக்கியின் முதன்மை ஆடியில் அமையும் 798 துண்டுகளுக்கான ஸெரோடூரை மைன்ஸ் வார்த்தது.

காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கி 2022 டிசம்பரில் பொன்விழா கண்டது. கட்டுப்பாட்டுக் கருவிகளும் ஒளியளவிகளும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. ஆடியின் மேலுள்ள அலுமினியப் பூச்சு தூசியாலும் ஈரத்தாலும் மங்கும். அதை அவ்வப்போது கரைத்து நீக்கி, வெற்றிடக் கலத்தில் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமனில் புதிதாகப் பூச வேண்டும். 2014-ல் அமெரிக்காவில் செய்த 1.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்று வந்து சேர்ந்தது, அதற்கு ஜே.சி. பட்டாச்சார்யாவின் பெயர். பெரிய ஆடியைத் தேய்த்துப் பழகிய பெங்களூர் நிறுவனம், 30 மீட்டர் பன்னாட்டுத் தொலைநோக்கித் திட்டத்துக்கான 492 ஆடித் துண்டுகளில் ஒரு பகுதியை மெருகேற்ற ஹோஸ்கோட்டேயில் தனிக்கூடம் அமைத்திருக்கிறது. அந்தத் துண்டுகள் ஜப்பானின் ஒஹாரா ஆலையில் வார்க்கப்படுகின்றன. அவையும் கண்ணாடிப்பீங்கானே.